நாத்தனார் எழுதிய பதில்கள்

வீட்டில் எல்லோரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, தொழில் தையல், பேச்சும் சமயத்தில் சுருக்கென்று குத்தும். மூன்று பக்கமும் பொருந்திவிட்ட பெயர் என்பதால் அவளும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் துணி தைத்துக் கொடுப்பதை அவள் நிறுத்தி வருடங்களாகிவிட்டன. இப்போது அவள் விற்பது பேட்டர்ன். சட்டை, கவுன், பைஜாமா, குழந்தைகளுக்கான மேலங்கி என்று ஒவ்வொன்றுக்கும் வெட்டுப் படத்தைக் கணினியில் வரைந்து, ஃபைலாக்கி, தன் சின்ன இணையக் கடையில் வைத்திருந்தாள். வாங்குகிறவர்கள் அதைத் தங்கள் பிரிண்டரில் அச்சிட்டு, தாளோடு தாள் ஒட்டி, துணிமேல் விரித்து வெட்டித் தைத்துக்கொள்வார்கள்.

விற்பது பெரிய காரியமில்லை. விற்ற பிறகு வருகிற மெயில்களுக்குப் பதில் சொல்வதுதான் உண்மையான வேலை. பிரிண்டர் படத்தைச் சுருக்கிவிடும். சட்டை பொம்மைக்குத்தான் பொருந்தும். உடனே ஒரு மெயில் வரும். "காசு கட்டினேன், பார்சல் இன்னும் வந்து சேரவில்லை" என்று ஒருவர் கேட்பார். ஃபைலைக் கைபேசியில் திறந்துவிட்டு, "இதை எப்படி வெட்டுவது?" என்று இன்னொருவர் கேட்பார். ஒரு பெண்மணி, கணவர் மெலிந்தவர் என்று நினைத்துச் சின்ன அளவு வாங்கிவிட்டதாகவும், கட்டிப்பிடித்துப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்ததாகவும் எழுதி, பெரிய அளவுக்கு மாற்றிக் கேட்டிருந்தார். ஊசி எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே பதில் எழுதுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. பதிலில் மரியாதை இருக்கும், சுருக்கம் இருக்கும், எழுதியது யார் என்பது மட்டும் இருக்காது. "தங்கள் கோரிக்கை கிடைத்தது" என்று தொடங்கி "நன்றி" என்று முடிப்பாள். கடைக்குப் பின்னால் ஒரு கூட்டமே உட்கார்ந்து வேலை பார்க்கிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்ளட்டுமே என்பது அவள் எண்ணம். இருந்ததோ ஒரு மேஜை, ஒரு பிரிண்டர், ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி.

கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பான்.

அந்த வருடம் அவள் மாதக்கணக்கில் உழைத்து ஒரு சட்டையை வரைந்து முடித்தாள். கை தூக்க முடியாதவர்களுக்கான சட்டை. தோள் முனையிலிருந்து மணிக்கட்டு வரை பிரித்துத் திறக்கலாம். படுத்திருக்கிறவரின் கையை அசைக்காமலே போட்டுவிட்டு, அழுத்துப் பொத்தான்களை வரிசையாக மூடிவிடலாம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பலர் கேட்டுக் கேட்டு வரைந்தது. அதைக் கடையில் ஏற்றிய வாரமே வாங்குகிறவர்கள் குவிந்தார்கள்.

அதே வாரம்தான் அவள் வலது கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை இறங்கத் தொடங்கியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தாள். மறுநாள் திரை பாதி வழி வந்துவிட்டது. இடது கண் பிறவியிலேயே சோம்பல் கண். ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. அவள் படித்தது, வரைந்தது, பிழைத்தது எல்லாம் வலது கண்ணால்தான்.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கண்ணுக்குள்ள பின்சுவர்ல ஒட்டியிருக்கற விழித்திரை கழண்டுகிட்டு வருதும்மா. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணிடலாம். உள்ள வாயுக் குமிழி ஒண்ணு விடுவோம். அது மேல எழும்பி, கழண்டதைச் சுவரோட அழுத்திப் பிடிச்சுக்கும். ஆனா நீங்க முகத்தைக் கீழ பாத்தாப்பல வச்சிருந்தாத்தான் அது சரியான இடத்துல அழுத்தும்."

"எவ்வளவு நேரம் டாக்டர்?"

"நேரமா? நான் போதும்னு சொல்ற வரைக்கும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குனிஞ்ச தலை நிமிரக் கூடாது."

கணவனின் கப்பல் நடுக்கடலில் இருந்தது. அவன் குரல் விட்டு விட்டு வந்தது. "அக்காகிட்ட சொல்லிட்டேன். லீவு போட்டுட்டு வந்துகிட்டிருக்கா" என்றான்.

ஊசிக்குக் கண் போனதைவிட இது பெரிய இடியாக இருந்தது. அந்த அக்கா, அவளுடைய நாத்தனார், பஸ் கண்டக்டர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். பெண் பார்க்க வந்த அன்றே, "இந்த ஊசியை வச்சு நம்ம வீட்டுக் கிழிசலையெல்லாம் தைச்சுடலாம்னு பாக்கறீங்களா?" என்று கேட்டுச் சபையைச் சிரிக்க வைத்தவள். அன்றிலிருந்து இருவரும் எலியும் பூனையுமில்லை. ஆனால் ஒரே சுவரில் இரண்டு பக்கத்துப் பல்லிகள் மாதிரி, பார்த்தால் விலகிப் போய்விடுவார்கள்.

நாத்தனார் ஒரு தோள்பையோடு ஆஸ்பத்திரிக்கே வந்து இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் இழுத்து, இரண்டு தலையணைகளுக்கு நடுவில் முகம் வைக்க இடைவெளி விட்டு, போர்வையைச் சுருட்டி நெற்றிக்கு முட்டுக் கொடுத்தாள். நீர், மோர் என்று எதையும் உறிஞ்சிக் குடிக்க வளைகிற குழாய் வாங்கி வந்தாள். ஊசி கொஞ்சம் தலை தூக்கினாலும், எந்த மூலையிலிருந்தும் குரல் வந்துவிடும்.

"தலை உள்ள, தலை உள்ள. வெளிய நீட்டாதே."

இரண்டாம் நாள் ஊசியால் பொறுக்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அக்கா, ஒரு உதவி. என் மெயிலைக் கொஞ்சம் திறந்து பாக்கறீங்களா? புது சட்டை விட்டிருக்கேன். பதில் போடலைன்னா கடை பேரே கெட்டுடும்."

நாத்தனார் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னடி இது, கடைசி பஸ்ல ஏற நிக்கற கூட்டம் மாதிரி இருக்கு?"

"ஒவ்வொண்ணாப் படிங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

முதல் மெயிலைப் படித்தாள். ஃபைல் திறக்கவில்லை என்று ஒருவர் இரண்டாம் முறையாக எழுதியிருந்தார். ஊசி யோசித்து வாய் திறப்பதற்குள் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"என்ன எழுதினீங்க?"

"‘ஒரு தடவை சொன்னாப் போதும், காது கேக்குது’ன்னு எழுதினேன்."

"அய்யோ அக்கா."

"தப்பா? பஸ்ல இப்படிச் சொன்னா ஜனங்க சிரிப்பாங்க."

அன்று முழுவதும் இழுபறிதான். ஊசி "தங்கள் கோரிக்கை" என்று ஆரம்பிப்பாள்; நாத்தனார் "இது என்ன, கோர்ட்டு சம்மனா?" என்பாள். ஒரு மணி நேரத்தில் நாலு பதில்கூட நகரவில்லை. குனிந்து குனிந்து ஊசியின் பிடரி கல்லாகிவிட்டது. கடைசியில் அவள் களைத்துத் தூங்கிப் போனாள்.

எழுந்தபோது நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கழுத்துக்கு வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எல்லாருக்கும் ஒரே பதிலா அனுப்பிட்டேன்" என்றாள் சாதாரணமாக.

"எல்லாருக்குமா? என்னன்னு?"

நாத்தனார் எழுந்து போய்ப் படித்தாள். "‘வணக்கம். இந்தக் கடையை நடத்தறது ஒரே ஒரு பொண்ணு. அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகிக் குப்புறப் படுத்திருக்கா. நான் அவளோட நாத்தனார், பஸ் கண்டக்டர். எனக்குத் தையல்ல ஊசி கோர்க்கக்கூடத் தெரியாது. நீங்க கேட்டதை அவகிட்டக் கேட்டுச் சொல்றேன். கொஞ்சம் பொறுத்துக்கணும். அவசரம்னா அவசரம்னு எழுதுங்க. அவசரமில்லாதவங்க அவசரம்னு எழுதாதீங்க.’"

ஊசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருடம் கட்டிக் காத்த திரையை ஒரே இழுப்பில் கிழித்தாகிவிட்டது. "யாரைக் கேட்டு எழுதினீங்க? என் கண்ணு, என் கடை. இனிமே எவன் நம்பி வாங்குவான்?" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"அழாதே. அழணும்னா இடது கண்ணால மட்டும் அழு" என்றாள் நாத்தனார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வண்டி நடுவழியில நின்னா முதல்ல ஜனங்ககிட்டச் சொல்லிடணும் ஊசி. சொல்லாம விட்டாத்தான் கத்துவாங்க. சொல்லிட்டா, பாதிப் பேர் இறங்கித் தள்ளுவாங்க" என்றாள்.



மறுநாள் காலையில் நாத்தனார் பல் தேய்த்த வாயோடு கணினியைத் திறந்தாள். படித்தாள். தொண்டையைச் செருமினாள். மறுபடியும் படித்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லை. தள்றாங்க."

வரிசையாகப் படித்துக் காட்டினாள். ஃபைல் திறக்காதவர், மகளிடம் கேட்டுத் திறந்துகொண்டதாகவும் கண்ணைப் பார்த்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார். பெரிய அளவு கேட்ட பெண்மணி, "என் கணவர் இன்னும் கொஞ்ச நாள் பழைய சட்டையே போடட்டும், அவருக்கு ஒரு அவசரமும் இல்லை" என்று எழுதியிருந்தார். ஒருவர் தன் அப்பாவுக்கும் இதே ஆபரேஷன் ஆகி, இப்போது செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படித்து வீட்டில் எல்லோரையும் திட்டுவதாகச் சொல்லியிருந்தார். ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் நோயாளிகளின் உடுப்புகளைத் தைத்து ஓய்வு பெற்றவராம் ஓர் அம்மாள். "புதிதாகத் தைக்கிறவர்களின் சந்தேகங்களை எனக்கு அனுப்புங்கள். எனக்குப் பொழுது போகவில்லை, கால்தான் வலி, கை நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

"இவங்களையெல்லாம் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"வருஷக்கணக்காத் தெரியும்" என்று சொல்ல வந்த ஊசி நிறுத்திக்கொண்டாள். அவர்களுடைய பிரிண்டர்களைத்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு வேலை ஓட ஆரம்பித்தது. ஊசி விஷயத்தைச் சொல்வாள். நாத்தனார் அதைத் தன் பாஷையில் எழுதுவாள். "அம்மா, பிரிண்டர்ல ‘பக்கத்துக்குப் பொருத்து’ன்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடுங்க, அதுதான் திருடன்" என்று ஒரு பதில். ஊசிக்கே சிரிப்பு வந்துவிடும். குப்புறப் படுத்துச் சிரித்தால் மூக்கு தலையணையில் இடிக்கும்.

பிறகு ஒருநாள் அந்த மெயில் வந்தது. எழுதியவர் வெல்டர், நாத்தனாரின் அந்தப் பொதுப் பதில் கிடைத்தவர்களில் ஒருவர். புதுச் சட்டையில் மிகப் பெரிய அளவை வாங்கியிருந்தார்.

நாத்தனார் மெதுவாகப் படித்தாள். "‘அவசரம் இல்லை. என் அண்ணனுக்கு ஒரு பக்கம் கை கால் வராது. ஆள் பெரிய உடம்பு. கடையில கிடைக்கற சட்டை எதையும் வலிக்காமப் போட முடியலை. நானே தைக்கலாம்னு பக்கத்து வீட்டு மெஷினை வாங்கி உக்காந்தேன். தோள்ல இருந்து வர்ற பொத்தான் பட்டையும் கைப் பட்டையும் சேர மாட்டேங்குது. மூணு தடவை துணி வெட்டிட்டேன். உங்க மேல தப்பு இருக்காது. இரும்புன்னா எப்படியும் ஒட்ட வச்சுடுவேன்; துணி என் கைக்கு வரலை போல. உங்க கண்ணு சரியான பிறகு சொன்னாப் போதும்.’"

"இன்னொரு தடவை படிங்க" என்றாள் ஊசி. படித்து முடித்ததும், "அக்கா, அந்தப் பெரிய அளவுல கைப் பகுதியை மட்டும் பிரிண்ட் எடுங்க. ஒட்டி, வெட்டி, என் கையில குடுங்க."

நாத்தனார் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தாள்களை ஒட்டினாள். ஒட்டுநாடா விரலில் சுற்றிக்கொண்டு அவளைப் படாத பாடு படுத்தியது. கடைசியில் கத்தரித்த காகிதக் கையை ஊசியின் கைக்குள் வைத்தாள். ஊசி அதன் மேல்வளைவை விரலால் தடவினாள். ஒரு பக்கம் வளைவு ஆழமாக உள்வாங்கியிருந்தது. இன்னொரு பக்கம் மேடாக இருந்தது. உள்வாங்கிய பக்கம்தான் உடம்பின் முன்பக்கம். அது அவள் விரலுக்குத் தெரியும்.

"இங்க, என் கட்டை விரல் இருக்கற இடத்துல, ஓரத்துல கோடு போட்டிருக்கும். எத்தனை கோடு?"

"ரெண்டு."

"நல்லாப் பாருங்க அக்கா. பள்ளமான பக்கத்துல."

"பள்ளத்துலதான்டி ரெண்டு. மேட்டுல ஒண்ணு."

முன்பக்கத்துக்கு ஒற்றைக் கோடு, பின்பக்கத்துக்கு இரட்டைக் கோடு என்பது அவளே வைத்திருந்த அடையாளம். அந்த அளவில் மட்டும் இரண்டும் இடம் மாறியிருந்தன. கோட்டை நம்பித் தைத்தவர்கள் எல்லோருக்கும் கை முன்பின்னாகத்தான் போய் ஒட்டியிருக்கும். வெல்டர் கையில் ஒரு பழுதுமில்லை. மூன்று முறையும் கோடு சொன்னபடியே அவர் சரியாகத் தைத்திருக்கிறார்.

ஊசி வெகுநேரம் காகிதத்தை விடவில்லை. "இந்த அளவைத்தான் கடைசியா வரைஞ்சேன். கண்ணு அப்பவே மங்க ஆரம்பிச்சிருக்கும் போல" என்றாள். பிறகு, "அதைச் சொல்ல வேண்டாம். தப்பு என்னோடதுன்னு மட்டும் எழுதுங்க. அந்தச் சட்டை வாங்கின எல்லாருக்கும் எழுதுங்க. அந்தப் பெரிய அளவு வாங்கினவங்களுக்கு, பணம் திரும்ப வேணும்னாலும் தர்றோம்னு சேர்த்துடுங்க" என்றாள்.

"ஃபைலை எப்படித் திருத்தறது? எனக்கு அதெல்லாம் வராதே."

"இப்ப முடியாது. ஒரே வரியில சொல்லிடலாம். ‘மிகப் பெரிய அளவில், கைப் பகுதியில் உள்ள கோடுகளைப் பார்க்காதீர்கள். ஆழமாக வளைந்த பக்கம் முன்பக்கம்.’ அவ்வளவுதான்."

நாத்தனார் எழுதினாள். அனுப்புவதற்கு முன் சலவைப் பிரிவு அம்மாளுக்கு அதைக் காட்டிக் கேட்கலாமா என்று அவளே யோசனை சொன்னாள். அந்த அம்மாள் அன்று மாலைக்குள் பழைய படுக்கை விரிப்பில் ஒரு கையைத் தைத்துப் பார்த்து, "பட்டை நூல் பிடித்த மாதிரி சேர்கிறது, தைரியமாக அனுப்புங்கள்" என்று பதில் போட்டார். பிறகுதான் எல்லோருக்கும் போனது. வெல்டருக்கு மட்டும் ஊசி தனியாகச் சொல்லச் சொன்னாள்: "உங்கள் கை சரியாகத்தான் இருக்கிறது. என் கோடுதான் தவறிவிட்டது. நீங்கள் எழுதாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது."

"கடைசியில என்ன போடட்டும்? நன்றியா?"

"ஆமாக்கா. ஆனா நான் வழக்கமாப் போடற நன்றி இல்லை."

"அது எப்படி எழுதறது?"

"தெரியலை. நீங்களே எழுதுங்க."

நாத்தனார் என்ன எழுதினாள் என்று ஊசி கேட்கவில்லை.

சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஒருவர் கடுமையாகவே திட்டியிருந்தார். அதையும் நாத்தனார் ஒரு சொல் விடாமல் படித்தாள், ஊசி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள். மற்றவர்கள் கையைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொண்டார்கள்.

வெல்டரிடமிருந்து படம் வந்த அன்று ஊசி இன்னும் குப்புறத்தான் படுத்திருந்தாள்.

"சொல்லுங்க அக்கா. என்ன இருக்கு?"

"ஒரு கட்டில். அதுல ஒரு பெரிய ஆள், சாஞ்சு உக்காந்திருக்கார். சட்டை பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, கண்ணைப் பறிக்கற பச்சை. தையல் ரயில் தண்டவாளம் மாதிரி நேரா ஆரம்பிச்சு, முழங்கைகிட்ட வந்ததும் தடம் புரண்டிருக்கு."

"பட்டை?"

"பட்டை சேர்ந்திருக்கு. தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே வரிசை." நாத்தனார் திரைக்குக் கிட்டே குனிந்தாள். "அவர் வாய் ஒரு பக்கம்தான் சிரிக்குது ஊசி. ஆனா நல்லாவே சிரிக்குது. பக்கத்துல ஒரு கை மட்டும் தெரியுது, தோள்ல வச்சிருக்கு. விரல்ல எல்லாம் தீத்தழும்பு. தம்பி கையா இருக்கும்."

ஊசி முகத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். எந்தக் கண்ணால் அழுகிறாள் என்று நாத்தனார் இந்த முறை கேட்கவில்லை.

டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுத் தலை நிமிரலாம் என்று சொன்ன நாளில், ஊசிக்கு முதலில் தெரிந்தது தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பார்ப்பது போன்ற ஒரு கோடு, குமிழியின் விளிம்பு. கோட்டுக்கு மேலே ஒளி. அந்த ஒளியில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முகம் வந்தது. காது ஓரம் நரைத்து, கீழுதடு வெயிலில் கறுத்து, தூக்கம் கெட்டு வீங்கிய கண்களோடு. கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாத்தனாரின் முகத்தை அவள் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

"என்னடி அப்படிப் பாக்கறே? டிக்கெட் எடுத்துட்டியா?"

"நன்றிக்கா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு சொல்ல ஆரம்பிச்சா உங்க லீவு பத்தாது."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொட்டு மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "உன் புருஷன் கடல்ல இருந்து போன் பண்ணிப் பண்ணி என் காதைத் தின்னுட்டான். அவனுக்கு நீயே சொல்லிடு, தெரியுதுன்னு" என்றாள்.

பார்வை முழுதாகத் திரும்பவில்லை. நேர்க்கோடுகளில் மெல்லிய நெளிவு மிஞ்சிவிட்டது. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் படிக்க முடிந்தது, வரையவும் முடிந்தது. முதல் வேலையாக கைப் பகுதியின் அந்தக் கோடுகளை இடம் மாற்றி, ஒட்டிப் பார்த்து, சலவைப் பிரிவு அம்மாளிடம் காட்டிய பிறகே கடையில் ஏற்றினாள். இனி எந்தப் பேட்டர்னும் அந்த அம்மாள் தைத்துப் பார்க்காமல் வெளியே போவதில்லை என்று இருவருக்குள்ளும் பேச்சு. அதற்கு ஒரு சம்பளமும் உண்டு.

நாத்தனார் பணிக்குத் திரும்பிய வாரத்தில் ஊசி முதல்முறையாகத் தானே மெயில் பெட்டியைத் திறந்தாள். ஜன்னலை முழுதாகத் திறந்து வெளிச்சத்தை விட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக, விரலை வரிமேல் வைத்துப் படித்தாள். பாதிப் பேர் கண்ணை விசாரித்திருந்தார்கள். மீதிப் பாதி, "நாத்தனார் இன்னும் இருக்கிறார்களா?" என்று கேட்டிருந்தார்கள்.

அவள் கைபேசியை எடுத்தாள். மறுமுனையில் இஞ்சின் உறுமலும் சில்லறைச் சத்தமும் கேட்டன.

"அக்கா, உங்களைக் கேக்கறாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். உங்க வார லீவுல ஒரு ரெண்டு மணி நேரம் வந்து பதில் போடறீங்களா? சும்மா இல்லை, கூலி உண்டு."

"கேப்பியான்னு பாத்துகிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் நாத்தனார். "சரி, இன்னிக்கு என்ன வந்திருக்கு?"

"ஒருத்தர் தன் நாய்க்கு மழைக்கோட்டு வேணும்கிறார். அளவெல்லாம் எடுத்து அனுப்பியிருக்கார். வாலுக்குத் தனியா உறை வேணுமாம்."

"வாலுக்கா? அவர்கிட்ட ஒண்ணு கேளு, நாய் சம்மதிச்சுதான்னு. இரு, ஸ்டாப்பிங் வந்துடுச்சு. இறங்கறவங்க இறங்குங்க, முன்னாடி போங்க."

கைபேசியை வைத்துவிட்டு ஊசி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வணக்கம் ஐயா, நான் ஊசி" என்று எழுதத் தொடங்கினாள்.